ஒரிஜினல்

ஓவியர் கையால் வரைந்த அட்டை, அதாவது ஒரிஜினல், பத்திரிகை ஆபீசை விட்டு வெளியே போகக் கூடாது என்பது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அங்கே இருந்த வழக்கம். பக்கத்துக்கு இவ்வளவு என்று ஓவியருக்குக் கொடுத்தாயிற்று, அட்டை ஆபீசுக்கு. எழுத்தில் நான் எதையும் பார்த்ததில்லை.

பழைய ஓவியர் ஒருவர் தான் வரைந்ததில் கேட்டது ஒரே ஒரு பக்கம். எழுபதுகளில் வரைந்த சரித்திரப் படக்கதையில் குதிரைப்படை ஆற்றைக் கடக்கும் பக்கம். ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. என்னால் ஆனது என்று அட்டையை ஸ்கேன் செய்து, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சுத்தப்படுத்தி, நல்ல தாளில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். கறுப்பு மை போல வந்திருந்தது.

ஓவியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு தம்பி. அந்தப் பின்னங்கால் எங்கே?"

எனக்குப் புரியவில்லை.

"முன்னால போற குதிரைக்குப் பின்னங்கால் சரியா வராம மாத்தி மாத்திப் போட்டேன். பேத்தி வரையக் கத்துக்கறா. தாத்தா எங்கே தடுமாறினார்னு அவ பார்க்கணும்."

அட்டையில் அது இருந்தது. அச்சில் வருவதைவிட ஒன்றரை மடங்கு பெரிய அட்டை. அடியில் வெளிர்நீலப் பென்சில். கேமராவில் அந்த நீலம் விழாது என்பதால் அழிக்காமலே விட்டுவிடுவார்கள். அதன் மேல் இண்டியன் இங்க். பிசகிய இடத்தில் வெள்ளை போஸ்டர் கலர், அது காய்ந்ததும் மறுபடி இங்க். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வெள்ளை மேடு தட்டும், பழைய கால் மங்கலாகத் தெரியும். ராத்திரியெல்லாம் நான் பார்த்துப் பார்த்துத் துடைத்தது அதைத்தான்.

"துடைக்காத ஸ்கேனையே தரேன் சார்."

"அதைச் சாய்ச்சுப் பார்க்க முடியுமாப்பா?"

ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டிவரும் என்று ஆசிரியர் சொன்னது பொய்யில்லை. கொடுத்தால்தான் என்ன என்று இப்போது கேட்கிறேன்; சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேனா, தெரியாது. அமெரிக்காவில் பேர்போன காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பிக்கே இந்தக் கதிதான். ஒரிஜினலைத் திருப்பித் தருவதற்குக் கையெழுத்துப் போட மற்ற ஓவியர்களுக்கு ஒரு பக்கப் படிவம், அவருக்கு மட்டும் நான்கு பக்கப் படிவம் நீட்டியது மார்வெல் காமிக்ஸ் கம்பெனி. பல வருட இழுபறிக்குப் பிறகு 1987-இல் கைக்கு வந்தவை ஏறக்குறைய 2,000 பக்கங்கள். வரைந்ததோ அதைப்போல் பல மடங்கு. அவருக்காகச் சக ஓவியர்கள் ஊரறியக் குரல் கொடுத்தார்கள். நம் ஊரில் அம்புலிமாமா சங்கரின் வேதாளத்தைத் தெரியாதவர் இல்லை, ஆனால் நாம் பார்த்ததெல்லாம் அச்சைத்தான். அவர் கையை எங்கே எடுத்தார், எங்கே தயங்கினார் என்பதை அச்சு சொல்லாது. வரையக் கற்கும் பிள்ளைக்கு வேண்டியது அதுதானே?

நான் போட்ட விதியில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பீரோ சாவி மட்டும் என்னிடம்தான் இருந்தது.

நான் விலகியபின் ஆபீஸ் இடம் மாறியது. அட்டைக் கட்டுகள் எங்கே போயின என்று விசாரித்தேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்த ஓவியரும் போய்விட்டார். துடைக்காத ஸ்கேன் என் ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. அதில் நீலம் தெரிகிறது, வெள்ளையின் மேடு தெரியவில்லை. சட்டப்படி அது யாருடையது என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்வதற்குள் அந்தப் பேத்திக்கு அனுப்பிவிடலாமா என்றும் தோன்றுகிறது.