ஆணிச் செருப்பு

பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் நைலான் இழை ஒன்று என் மேசை இழுப்பறையில் எப்போதும் இருக்கும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அதை உள்ளங்காலில் அங்கங்கே வைத்துப் பார்ப்பேன். பட்டது தெரிந்தால் அவர் 'வி' என்று சொல்ல வேண்டும், மொரீஷியஸின் பேச்சுமொழியான கிரியோலில் ஆமாம். சர்க்கரை நோய் நரம்பைத் தின்றிருக்கிறதா என்று அறிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. அன்று காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெரியவர், நான் தொடாதபோதெல்லாம் 'வி' சொன்னார். தொட்டபோது சும்மா இருந்தார்.

மொரீஷியஸில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். நான் பார்த்த பாதங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் இவை தைப்பூசத்தன்று ஆணிச் செருப்பில் நடந்த பாதங்கள். கட்டையில் ஆணிகளை மேல்நோக்கி அறைந்த செருப்பு அது. பத்து நாள் விரதம், நாக்கில் வேல், தோளில் காவடி, குவாத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைக்கோயில் வரை ஏற்றம். இங்கே அது கொளுத்தும் கோடைக்காலம் வேறு.

"துளி வலி இல்லை, மோ திஃபி. எல்லாம் முருகன் அருள்."

மோ திஃபி என்றால் என் மகளே. எனக்கும் அவர் தோன்தோன்தான், மாமா மாதிரி. எங்கள் வீடுகளில் பேச்செல்லாம் கிரியோல். தமிழ் பூசையறைக்கும், பெயர்களுக்கும், வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிக்குமாக ஒதுங்கிவிட்டது. முருகனிடம் மட்டும் இன்னும் தமிழில்தான் பேசுகிறோம், பாதி புரியாமலே.

1987-இல் நடந்த சுகாதார ஆய்வுக்குப் பிறகு இங்கே அரசு ரேஷன் எண்ணெயில் பாமாயிலை விட்டுச் சோயா எண்ணெய்க்கு மாறியது. 1992-க்குள் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியது. அதில் எண்ணெய்க்கு முக்கியப் பங்கு உண்டு. யாரையும் உட்கார வைத்து உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்த வெற்றியின்மேல் எனக்குப் பொறாமை. தோன்தோனின் அருளை நான் எந்த எண்ணெய் டின்னில் ஊற்றி மாற்றுவது?

சொல்லத்தான் வேண்டியிருந்தது. இரண்டு முறை சுற்றி வளைத்தேன். மூன்றாம் முறை கண்ணைத் திறக்கச் சொல்லி, இழை காலில் பட்டு வளைவதை அவரையே பார்க்க வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். முருகனையே மறுக்கிறாயா என்று சினப்பார் என எதிர்பார்த்து, அதற்கொரு பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்படியானால் இத்தனை வருடம் நான் அவனுக்கு எதைக் கொடுத்தேன்?"

புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க நேரும் என்று எதையோ உளறினேன். வலியைக் காணிக்கையாகச் சுமந்தவரிடம், அது உங்கள் கையிலேயே இருக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். வீடு திரும்பும் வழியில்தான் அது உறைத்தது.

அடுத்த தைப்பூசத்தில் மலையடிவாரத்தில் தோன்தோனைப் பார்த்தேன். ரோஜா நிற வேட்டி. காலில் நான் வற்புறுத்தி வாங்க வைத்த மூடிய சப்பாத்து. தோளில் காவடி இல்லை, கையில் ரப்பர் குழாய். ஊர்வலம் வருமுன் சாலையை நனைத்துக்கொண்டிருந்தார். சில அடிக்கு ஒரு முறை குனிந்து, உள்ளங்கையைத் தாரில் வைத்துப் பார்த்துவிட்டு, போதாது என்று தலையசைத்து மறுபடியும் தண்ணீர் விட்டார்.