பிள்ளையோடு ஃபீனிக்ஸ் வருகிறீர்களா? ஊசிப் பதிவை முதலில் எடுத்து வையுங்கள்

இங்கிலாந்தின் ரெடிங்கிலிருந்து அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்கு 2025 ஜூலையில் குடும்பத்தோடு வந்து சேர்ந்தோம். கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் வெயிலைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். வெயிலும் படுத்தியது, அதை அப்புறம் சொல்கிறேன். ஆனால் எங்களை உண்மையில் அலையவிட்டது பத்து வயதுப் பையனைப் பள்ளியில் சேர்த்த விஷயம்தான். பள்ளி வயதுப் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு இது கட்டாயம் உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கணவருக்குக் கம்பெனி மாற்றல், எல்-1 விசா. எனக்கும் பையனுக்கும் எல்-2. லண்டன் நைன் எல்ம்ஸில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் சட்டென்று முடிந்துவிட்டது, சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் தொல்லை இல்லாமல் வந்தது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: இறங்கியதும் ஐ-94 என்ற நாட்டு நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்து, துணைவருக்கு எல்-2எஸ் என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த ‘எஸ்’ இருந்தால்தான் தனியாக வேலை அனுமதி அட்டை வாங்காமல் வேலைக்குப் போகலாம். 2022 ஜனவரியிலிருந்து இப்படித்தான்.

இங்கிலாந்தில் ஜூலை மூன்றாவது வாரம்தான் பள்ளியை மூடுகிறார்கள். ஃபீனிக்ஸில் பல பள்ளிகள் ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் முதல் வாரத்திலோ திறந்துவிடுகின்றன. செப்டம்பர் கணக்கு இங்கே செல்லாது. பையனுக்குக் கோடை விடுமுறை என்ற ஒன்றே கிடைக்கவில்லை, பாவம், எங்களுக்கும் ஓடியாட நேரம் கிடைக்கவில்லை.

வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போனோம். தடுப்பூசிக்கு, குழந்தை பிறந்ததும் அங்கே தருகிற ரெட் புக்கைக் கொடுத்தேன். அலுவலக அம்மா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, முதல் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) ஊசி செல்லாது என்றார். ஒரு வயது முடிவதற்கு முன்னால் போட்டதாம். பையன் பிறந்தது 2014 அக்டோபர். ஊசி போட்ட தேதி 05/11/2015. அதாவது நவம்பர் 5. அவர் அதை மே 11 என்று படித்துவிட்டார்! பிரிட்டனில் நாளை முதலில் எழுதுவோம் என்று சொன்னேன், தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. கீழேயே இரண்டாவது ஊசியின் தேதி 17/02/2018 என்று இருந்தது. பதினேழாவது மாதம் எங்கேயாவது உண்டா என்று கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார். உடனே அடுத்த கேள்வி, இது கையால் எழுதியது, டாக்டர் ஆபீஸிலிருந்து அச்சிட்ட பதிவு வேண்டும் என்றார். சின்னம்மை ஊசி எங்கே, ஹெபடைடிஸ் பி எங்கே என்றும் கேட்டார்.

இங்கேதான் பிரிட்டனிலிருந்து வருகிற எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். பையன் பிறந்த காலத்தில் அங்கே அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் அட்டவணையில் சின்னம்மை ஊசி கிடையாது. ஹெபடைடிஸ் பி, 2017 ஆகஸ்டிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குத்தான் எல்லோருக்கும் போட ஆரம்பித்தார்கள். பையனுக்கு நர்சரியில் படிக்கும்போதே சின்னம்மை வந்து போய்விட்டது. அங்கே அதற்கெல்லாம் யாரும் டாக்டரிடம் கூட்டிப் போவதில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், அதனால் ஒரு வரி பதிவுகூட இல்லை. பிள்ளையின் அம்மா வாயால் சொன்னால் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தால் காரின் சீட் பெல்ட் கொக்கி கையைச் சுட்டது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

அச்சிட்ட பதிவுக்காக ரெடிங்கில் இருக்கும் எங்கள் ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்குக்குப் போன் செய்தேன். அங்கே காலை 8 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12. லைன் திறக்கும் எட்டு மணிக்குப் போனில் நிற்கும் க்யூவைப் பற்றி அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காத்துக் காத்து லைன் கிடைத்தால், விண்ணப்பம் கொடுங்கள், ஒரு மாதம் வரை ஆகும் என்கிறார்கள். சட்டம் அவர்களுக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் பள்ளி அடுத்த வாரம் திறக்கிறது என்று கெஞ்சியும், ஒரு பக்கத்தை அச்சிட்டு அனுப்ப மனம் வரவில்லையே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

கடைசியில் காப்பாற்றியது மாரிகோபா கவுண்டி சுகாதாரத் துறையின் தடுப்பூசி கிளினிக். அங்கிருந்த நர்ஸ் ரெட் புக்கைப் பொறுமையாகப் படித்து, ஒவ்வொரு தேதியையும் என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்றினார். எம்எம்ஆர் இரண்டும் செல்லும் என்று அவர் சொன்னபோதுதான் மூச்சு வந்தது. அவர் எடுத்துச் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. பிரிட்டனில் பள்ளி சேர்வதற்கு முந்தைய போலியோ பூஸ்டரை மூன்று வயது நான்கு மாதத்தில் போட்டுவிடுகிறார்கள். இங்கே கடைசி போலியோ ஊசி நான்கு வயதுக்குப் பிறகு இருக்க வேண்டும். ஆகவே அதுவும் ஒன்று போட வேண்டியிருந்தது. சின்னம்மை, ஹெபடைடிஸ் பி முதல் தவணை, போலியோ எல்லாம் ஒரே நாளில் போட்டுவிட்டு, அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தார். மீதித் தவணைகளை உரிய காலத்தில் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். அதே அலுவலக அம்மாதான் முத்திரை குத்தினார்.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே ஜிபியிடம் அச்சிட்ட தடுப்பூசிப் பதிவைக் கேளுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சின்னம்மை வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிப் பதிய வையுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்தாவது ஊசியை அங்கேயே போட்டுவிடுங்கள். 11 வயது ஆன பிள்ளைகளுக்கு இங்கே டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமல் பூஸ்டர்), மென்ஏசிடபிள்யூஒய் என்ற மூளைக்காய்ச்சல் ஊசி இரண்டும் கேட்பார்கள். அங்கே இந்த மூளைக்காய்ச்சல் ஊசியை 13, 14 வயதில்தான் போடுகிறார்கள். அப்போது போடுகிற பூஸ்டரில் கக்குவான் இருமலுக்கான மருந்தும் இல்லை. பெரிய பிள்ளை இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

சரி, வெயில். 2023 கோடையில் இந்த ஊரில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை, நம் செல்சியஸ் கணக்கில் 43 டிகிரி. இரவிலும் தணியாது, குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வாடகை வீட்டு ஏசி நின்றுவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட், திங்கள்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றார். பையனை வைத்துக்கொண்டு அதுவரை எப்படி இருப்பது? பக்கத்து வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். ஃபீனிக்ஸ் நகர விதிப்படி, ஏசி உள்ள வாடகை வீட்டை 82 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 28 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகவிடாமல் வைக்க வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு. அந்த விதியைக் குறிப்பிட்டு, வீட்டுக்குள் இருக்கும் வெப்பமானியின் படத்தையும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பினேன். அன்று இரவே மெக்கானிக் வந்தார். போனில் சண்டை போடாதீர்கள், எழுத்தில் கொடுங்கள்.

கரண்ட் இணைப்புக்கு, அமெரிக்காவில் கடன் வரலாறு இல்லாததால் டெபாசிட் கேட்பார்கள், அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். நேரத்துக்கு நேரம் விலை மாறுகிற திட்டத்தை எடுத்தால் பிற்பகலிலேயே வீட்டை நன்றாகக் குளிரவைத்துவிட்டு, மாலையில் விலை ஏறும் நேரத்தில் ஏசி ஓடுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், பில்லில் வித்தியாசம் தெரிகிறது. கிரைண்டரைக் கப்பலில் ஏற்றாதீர்கள். அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அமெரிக்க வோல்ட்டுக்கான கிரைண்டர் இங்கேயே கிடைக்கிறது.