மவுஸை டிராயரில் போட்ட பத்து நாள்

மவுஸ் சக்கரம் மக்கர் பண்ணத் தொடங்கியது. புதிது வாங்கும்வரை கீபோர்டை மட்டும் வைத்து ஓட்டிப் பார்ப்போமே என்று அதை டிராயரில் போட்டேன். இன்று பத்தாம் நாள்.

முதல் இரண்டு நாள் சிரமமே இல்லை. உதவிக்கு எஃப்1, மூட ஆல்ட் எஃப்4 என்று கை தானாகப் போனது. இவை எங்கும் ஒரே மாதிரி இருப்பதற்கு முக்கியக் காரணம், 1987இல் ஐபிஎம் வெளியிட்ட சியூஏ என்ற விதித்தொகுப்பு. அதற்கு முன் ஆளுக்கொரு வழி. வேர்டுபெர்ஃபெக்ட் என்ற பழைய எழுத்து மென்பொருளில் உதவி எஃப்3. எஃப்1 அழுத்தினால் ரத்து!

மூன்றாம் நாள் முதல் அடி. ஒரு மெயில் மென்பொருளில் பழைய மடலைத் தேட கன்ட்ரோல் எஃப் அழுத்தினேன். திரையைச் சரியாகப் பார்க்காமல் 'மின்கட்டண ரசீது' என்று தட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, அது பெறுநர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே எஃப் என்றால் ஃபார்வர்டாம்.

நிஜமான கூத்து, கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் டெர்மினல் ஜன்னலில். சர்வரில் விம் என்ற எடிட்டரைத் திறந்து ஒரு கோப்பைத் திருத்திவிட்டு, சேமிக்கும் பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் எஸ். திரை உறைந்துவிட்டது. டெலிடைப் என்ற பழைய தட்டச்சுத் தந்தி இயந்திரங்களின் காலத்திலிருந்து அதற்கு 'அனுப்புவதை நிறுத்து' என்று பொருள். கடுப்பில் கண்ட விசையையும் தட்டினேன். கன்ட்ரோல் கியூ அழுத்தியதும் உயிர் வந்தது, ஆனால் நான் தட்டியதெல்லாம் கட்டளைகளாக ஓடி நான்கு வரிகளைக் காணோம். விம்மில் செய்ததை ரத்துசெய்யும் விசை யு. யு, யு, யு என்று அழுத்தி மீட்டேன்.

அடுத்தது கன்ட்ரோல் சி. என் டெர்மினலில் வரியைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் நகலெடுக்கும். தேர்வு இல்லாவிட்டால் ஓடும் நிரலை நிறுத்தும். ஒருமுறை அழுத்தினேன், நகல் ஆனது, தேர்வும் மறைந்தது. பதிந்ததோ இல்லையோ என்று இன்னொருமுறை அழுத்தினேன். நாற்பது நிமிடமாக ஓடிய பேக்கப் போயே போச்சு.

இந்த மோதல் மேக்கில் கிடையாது. 1983இல் ஆப்பிள் லிசாவில் இசட், எக்ஸ், சி, வி நான்கும் ஆப்பிள் விசையோடு வந்தன. இன்று மேக்கில் அது கமாண்ட். கன்ட்ரோல் தனியாக இருப்பதால் சண்டை இல்லை. அன்றைய பிசியில் அப்படியொரு விசை இல்லாமல், இரண்டு வேலையும் கன்ட்ரோல் தலையில் விழுந்தது.

சரி, நகலெடுக்கக் கன்ட்ரோல் இன்சர்ட், ஒட்ட ஷிப்ட் இன்சர்ட் என்ற சியூஏ காலத்து வழிக்கே திரும்பினேன். எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் சாகாது. ஆனால் என் லேப்டாப்பில் இன்சர்ட் எஃப்என் விசைக்குள் ஒளிந்திருக்கிறது, மூன்று விரல் வித்தை. அப்புறம் விசைகளின் வேலையை மாற்றித் தரும் ஆட்டோஹாட்கீ என்ற மென்பொருளில் இரண்டு வரி எழுதி, கேப்ஸ் லாக்கோடு சி, வி அழுத்தினால் அதே வேலை நடக்கும்படி மாற்றிக்கொண்டேன்.

வீட்டில் அமர்க்களம். இன்று காலை அலுவலகக் கணினியில் அதே பழக்கத்தில் கேப்ஸ் லாக்கைத் தட்டியிருக்கிறேன். மேலாளருக்குப் போன ஆங்கில மடல் முழுக்கப் பெரிய எழுத்தில், நான் கத்துவது போலவே. "என்னப்பா, ஏதாவது கோபமா?" என்று பதில் வந்திருக்கிறது.