கத்தரிக்காய் மேல் பழி

டிசம்பர் 16

மார்கழிப் பனி இறங்கியதும் சின்னவனுக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சிவந்து தடித்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அவன் சொறியும் சத்தத்தில் விழித்தேன். விடிந்து பார்த்தால் போர்வையில் ரத்தப் பொட்டு. அத்தை பார்த்ததும், "கரப்பான்தான். நேத்து கத்தரிக்கா குடுத்தியா?" என்றார். கொடுத்திருந்தேன்.

டிசம்பர் 17

கத்தரிக்காய், கருவாடு, முட்டை மூன்றுக்கும் தடை. அத்தை குப்பைமேனியை மஞ்சளோடு அரைத்துப் பூசினார். கிழிந்த தோலில் பட்டதும் அவன் வீறிட்டதில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

டிசம்பர் 19

தோல் டாக்டரிடம் போனோம். சீட்டில் 'அடாபிக் டெர்மடைடிஸ்' என்று எழுதினார், அத்தை சொன்ன கரப்பான்தான். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். நம் தோலில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன, பெரும்பாலும் சாது. அவற்றில் சில, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்கிற ரவுடியைக் கொல்லும் பொருளைத் தாங்களே சுரக்கின்றன. தோலின் ஈரப்பசை போய் வெடிப்பு விட்டால் சாதுக்கள் குறைந்து ரவுடி பெருகிவிடுகிறான்.

களிம்பில் ஸ்டீராய்டு என்றதும் இவர் முகம் மாறியது. "பெரியவங்க விரல் நுனி அளவு பிதுக்கினா, விரல்களோட சேர்த்து உங்க ரெண்டு உள்ளங்கை பரப்புக்குப் போதும். பயந்து கம்மியா போட்டா நோய் இழுத்துக்கிட்டே போகும்" என்றார் டாக்டர்.

டிசம்பர் 20, தூக்கம் வராமல்

அமெரிக்காவில் ஹைடி காங், ஜூலி செக்ரே குழு 2012இல் இப்படிப்பட்ட குழந்தைகளின் தோலை ஆராய்ந்திருக்கிறது. நோய் சீறும்போது ஸ்டஃபைலோகாக்கஸ் பெருகி மற்ற வகைகள் அருகிப் போயிருந்தன. 2023இல் ஹார்வர்டில் ஐசக் சியூ குழு எலிகளில் கண்டது என்னை உட்கார வைத்துவிட்டது. அந்த ரவுடி விடுகிற ஒரு நொதியே அரிப்பு நரம்பை நேராகத் தூண்டுகிறதாம். எத்தனை ராத்திரி "சொறியாதேடா" என்று அவன் கையில் அடித்திருக்கிறேன்.

டிசம்பர் 23

தங்கை போனில், "எல்லாம் குடல்தான்க்கா" என்று நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் பொட்டலம் வாங்கச் சொன்னாள். 2001இல் பின்லாந்தின் துர்க்கு ஊரில் ஒவ்வாமை உள்ள குடும்பத்துக் கர்ப்பிணிகளுக்கும், பிறகு குழந்தைகளுக்கும் லாக்டோபேசில்லஸ் என்கிற அப்படியொரு பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வயதில் கரப்பான் பாதியாகக் குறைந்திருந்தது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது வராமல் தடுக்க. வந்தபின் கொடுத்த ஆய்வுகளை 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு சேர்த்துப் பார்த்தபோது பெரிதாக ஒரு பலனும் தெரியவில்லை. பொட்டலம் வாங்கவில்லை.

குடலில் கிருமிகள் குடியேறுகிற முதல் மாதங்கள் முக்கியம் என்று படித்ததும் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. சிசேரியன். அவன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது இரண்டு தடவை ஆன்டிபயாடிக். டாக்டரிடம் கேட்டேன். "அன்னிக்கு மருந்து தேவைப்பட்டுச்சு, குடுத்தீங்க. முட்டையை நிறுத்தாதீங்க, அது சேரலைன்னு தெரிஞ்சா பார்த்துக்கலாம்."

ஜனவரி 4

குளித்துத் துடைத்த கையோடு க்ரீம் பூசுவது இப்போது அத்தை வேலை. என்னை நம்புவதில்லை, விரல் நுனியை அளந்துதான் களிம்பு எடுக்கிறார். சின்னவன் மூன்று நாளாக இரவில் எழவில்லை. மத்தியானம் எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தேன். அவன் தட்டில் ஒரு துண்டு போட்டபோது அத்தை பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வலது முழங்கால் மடிப்பு மட்டும் இன்னும் சிவப்பாக இருக்கிறது. நகம் வெட்ட வேண்டும்.