தம்பியின் வலிப்பு புறப்படும் இடம்

பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் அடங்காத வலிப்பை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பாகக் கொள்ள வேண்டும் என்றும், அந்த நிலையில் மூன்றாவது குளிசையைத் தேடுவதோடு நின்றுவிடாமல், அது மூளையின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதையும் தேடிப் பார்க்க வேண்டும் என்றும் திருகோணமலை கிளினிக்கில் நரம்பியல் வைத்தியர் எங்களிடம் சொன்னார். அதுவரை தம்பிக்கு எடுத்திருந்தது, மூளையின் மின்னலைகளைத் தலைத்தோலிலிருந்து பதியும் ஈ.ஈ.ஜி. பதிவு, அரை மணி நேரத்துக்கு ஒன்றுதான். அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு முதல் பதிவு இப்படித்தான் அமையுமாம்.

எனவே இரவு பகலாக வீடியோவோடு சேர்த்துப் பதிவு செய்யக் கொழும்புக்கு அனுப்பினார்கள். தூக்கம் கெட்டால் அலைகளில் உள்ள கோளாறு வெளிப்படும் வாய்ப்புக் கூடும் என்பார்கள். அந்த வேலையை இரவுப் புகையிரதமே செய்து கொடுத்துவிட்டது.

ஆஸ்பத்திரி விடுதியில் தொழில்நுட்பவியலாளர் மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பிடரி எலும்பு முனை வரை நாடாவால் அளந்து, அந்த நீளத்தை 10, 20 சதவீதங்களாகப் பிரித்துப் பென்சிலால் புள்ளியிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் முடியை விலக்கித் தோலைத் தேய்த்துப் பசையோடு மின்முனையை ஒட்டினார். மின்முனை இடம் மாறினால் பின்னர் கணிக்கப்படும் இடமும் மாறும் என்பதால் அவர் சற்றும் அவசரப்படவில்லை. வலிப்பு வரட்டும் என்று குளிசையின் அளவையும் வைத்தியர்களின் மேற்பார்வையில் குறைத்தார்கள். இதை வீட்டில் எவரும் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

வலிப்பு வந்த பிறகு வைத்தியர் பதிவைத் திரையில் விரித்துக் காட்டினார். ஒவ்வொரு கோடும் அடுத்தடுத்த இரண்டு மின்முனைகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடு. வலது பொட்டுப் பக்கத்தில் இரண்டு கோடுகளின் கூரிய முனைகள், ஒன்று கீழ்நோக்கியும் மற்றது மேல்நோக்கியும், நேருக்கு நேர் நின்றன; இரண்டுக்கும் பொதுவான மின்முனைக்கு அருகில்தான் அந்த மின்துடிப்பு வலுவாக இருக்கிறது என்பது அதன் பொருள். ஆனால் வலிப்புகளுக்கு இடைப்பட்ட வேளையில் தோன்றும் இத்தகைய கூர்முனைகளின் இடமும் வலிப்பு உண்மையில் தொடங்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அவர் உடனே எச்சரித்தார்.

வலிப்பு நேரத்துப் பதிவில், வினாடிக்கு ஐந்து முதல் ஏழு வரையான சீரான அலைகள் அதே வலது பக்கத்தில் எழுந்தன. தம்பியோ வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது என்று அதற்கு முன்பே மணியை அழுத்தியிருந்தான். மூளையின் வெளிப்படையான புறணியில் பல சதுர சென்டிமீட்டர் பரப்பு ஒருங்கே இயங்கினால்தான் தலைத்தோலில் அலை தெரியும். ஆழத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற ஞாபகப் பகுதியில் தொடங்குவது மேலே வந்து சேரத் தாமதமாகும்.

இங்கே கைகொடுத்தது, உப்புவெளி வீட்டில் நான் கைத்தொலைபேசியில் எடுத்திருந்த வீடியோ. அதிலும் விடுதி வீடியோவிலும் வலது கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்க, இடது கை விறைத்து முறுக்கியிருந்தது. பொட்டுக்கு உட்புறமுள்ள மூளைப் பகுதியான பொட்டு மடலில் தொடங்கும் வலிப்பில், முறுக்கும் கைக்கு எதிர்ப்பக்கமே பெரும்பாலும் தொடக்கமாக இருக்குமாம். வலிப்பின்போது குடும்பத்தார் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், ஆளைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு இரண்டு கைகளும் தெரியும்படி படம் பிடிப்பதே என்பது என் கருத்து.

பின்னர் கணினி, கூர்முனைகளைச் சராசரியாக்கி எம்.ஆர்.ஐ. படத்தின் மேல் ஒரு வண்ணத் திட்டைக் காட்டியது. மூளைக்குள் மூலம் எங்கே என்று தெரிந்தால் தலைத்தோலின் மின்னழுத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம். மறுதலையாகப் போனால் ஒரே அளவீட்டுக்கு எண்ணற்ற விடைகள் உண்டு. ஆகவே மென்பொருள் சில அனுமானங்களை வைத்துக்கொண்டே ஒன்றைத் தெரிவு செய்கிறது. மண்டையோடு மின்சாரத்தை எளிதில் கடத்தாததால் அந்தத் திட்டின் ஓரங்களும் தெளிவாக இருப்பதில்லை. அதை மட்டும் நம்பி எவரும் அறுவைக்குப் போவதில்லை. எம்.ஆர்.ஐ.யில் வலது ஹிப்போகாம்பஸ் சுருங்கி வெளுத்துத் தெரிந்ததும், மற்றச் சான்றுகள் யாவும் அதே பக்கத்தைக் காட்டியதுமே வைத்தியர்களுக்குத் துணிவு தந்தன.

கனடாவில் நடந்து 2001 இல் வெளியான ஆய்வில், பொட்டு மடல் அறுவைக்குத் தெரிவானவர்களில் 58 சதவீதத்தினர் ஓராண்டின் முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இன்றி இருந்தனர் என்றும், மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் அது 8 சதவீதம் என்றும் வைத்தியர் சொன்னார். தம்பி ஞாபகசக்தியைப் பற்றித்தான் கேட்டான். மொழி இடது பக்கத்தில் இருப்பவர்களுக்கு, வலப்பக்க அறுவையால் சொற்களின் ஞாபகம் குறையும் அபாயம் ஒப்பீட்டளவில் சிறிது என்றார். அதற்கான சோதனைகளும் முடிந்துவிட்டன. வைத்தியர் குழு கூடி முடிவு சொல்லும் வரை குளிசை பழைய அளவிலேயே தொடர்கிறது; மோட்டார் சைக்கிளுக்கும் கடலில் இறங்குவதற்கும் உள்ள தடையும் தொடர்கிறது, அதில் இரண்டாவதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.