உறைபனிக்கு முன் புல்லட்: ஊட்டி நாட்குறிப்பு

நவம்பர் 9, ஞாயிறு

நீர்ப்பனி ஆரம்பித்துவிட்டது. விடிகாலையில் சீட்டைத் துடைத்தால் துணியைப் பிழியலாம். இன்னும் சில வாரத்தில் இதுவே உறைபனியாகும். தாவரவியல் பூங்காவில் செடிகளுக்குக் கோத்தகிரி மலார் என்கிற செடியை வைத்து மூடுகிற காலம் இது. வண்டியையும் இப்போதே கவனித்தாக வேண்டும். என்னுடையது கார்புரேட்டர் வைத்த பழைய 350 புல்லட். தினமும் ஆறு மணி ஷிஃப்டுக்குக் குன்னூர் இறங்கணும். அவ்வப்போது அக்கா வீட்டுக்கு மேட்டுப்பாளையம்.

முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்தேன்: 12.3 வோல்ட். முழு சார்ஜ் என்றால் 12.6க்கு மேல் இருக்கணும். பூஜ்ஜிய டிகிரியில் லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதே நேரத்தில் ஆயில் கெட்டிப்பட்டு, செல்ஃபுக்கு வழக்கத்தைவிட அதிக கரண்ட் தேவைப்படும். வரவு குறைகிற நேரம் பார்த்துச் செலவு கூடுகிறது.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் வாசலின் பூசினேன். எர்த் ஒயர் சேஸிஸில் மாட்டுகிற இடத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்த போல்ட்டுக்கு அடியில் துரு. எமரி பேப்பர் போட்டுப் பளபளவென்று தேய்த்து இறுக்கினேன். 14 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்பதால் 1.4 ஆம்பியரில் நிதானமாக ராத்திரி முழுக்க சார்ஜ்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆயில் மாற்றினேன். லவ்டேல் வரை ஓட்டிவிட்டு வந்து, சூடாக இருக்கும்போதே வடித்தேன். ஆறிப்போன ஆயில் இறங்க வெகுநேரம் பிடிக்கும், அடியில் தங்கிய அழுக்கும் வராது. டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி கொஞ்சம் இருந்தது. அது தேய்மானம்தான், பயமில்லை. விரலில் நிரடுகிற துணுக்கு இருந்தால்தான் யோசிக்கணும்.

கடையில் ஒருவர், “புல்லட்டுக்கு 20டபிள்யூ-50 ஊத்துங்க, கெட்டியா நிக்கும்” என்றார். கீழே சமவெளியில் சரி. இங்கே எனக்கு ஒப்புதல் இல்லை. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண்தான் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்று சொல்வது. அது சிறியதாக இருந்தால்தான் காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் சீக்கிரம் மேலே, வால்வைத் தட்டுகிற ராக்கர் வரை ஏறும். பின்னால் இருக்கிற 50, சூடான எஞ்சினுக்கு. அதனால் வழக்கமான 15டபிள்யூ-50தான்.

பக்கத்து வீட்டுத் தம்பி அவன் வண்டியையும் கொண்டுவந்தான். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் கடைந்த மோர் மாதிரி வெள்ளை நுரை. “அண்ணா, எஞ்சின் போச்சா?” என்று பதறினான். போகவில்லை. அவன் வண்டி சேரிங் கிராஸ் கடைக்குப் போய்த் திரும்புவதோடு சரி. எஞ்சின் முழுசாகச் சூடாவதே இல்லை. எரியும்போது உண்டாகிற நீராவி உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலந்துவிடுகிறது. ஆயிலை மாற்றிக் கொடுத்து, வாரம் ஒருமுறையாவது குன்னூர் வரை நிற்காமல் ஓட்டிவிட்டு வரச் சொன்னேன்.

நவம்பர் 23, ஞாயிறு

கிளட்ச் கேபிளுக்கு ஆயில் விட்டேன். லீவர் பக்கம் கழற்றி, கேபிள் வாயில் பிளாஸ்டிக் கவரைக் கூம்பாகக் கட்டி, மெல்லிய ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தேன். முதலில் கறுப்பு நீர், பிறகு சுத்தமான ஆயில் கீழே வந்தது. கிரீஸ் வேண்டாம், குளிரில் அதுவே இழுக்கும். ஆக்ஸிலேட்டர் கேபிளுக்கும் அப்படியே. மழை பிடித்துக்கொண்டதால் செயினைத் துடைத்ததோடு முடித்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஸ்பார்க் பிளக்கில் கரி. ஊட்டியில் கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் சொல்கிற புகார் இது. நாம் இருப்பது 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் இங்கே ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்னத் துளையான ஜெட், வழக்கமான அளவு பெட்ரோலை விடுகிறது, காற்று போதவில்லை, மிக்ஸ்சர் ரிச் ஆகிறது, அதாவது பெட்ரோல் மிஞ்சுகிறது. விடிகாலையில் கதை வேறு. குளிர்ந்த காற்று அடர்த்தி, பெட்ரோலும் சரியாக ஆவியாகாது. அதனால் சோக் இழுக்காமல் உயிர் வராது. கேத்தி தாண்டி வெயில் ஏறியதும் மறுபடி ரிச்.

மெக்கானிக் நண்பர் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் குறைக்கச் சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஊட்டியை விட்டு இறங்காத வண்டிக்கு அது பொருந்தும். என் வண்டி மேட்டுப்பாளையம் போகிறது. அங்கே காற்று கனம். சின்ன ஜெட்டில் மிக்ஸ்சர் லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து, எஞ்சின் சுடும். அந்தச் சூட்டோடுதான் பர்லியாறு வழியாகக் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக ஏறி வரணும். நீலகிரிக் குளிர் விடிகாலைக் குளிர். பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அந்தச் சில மணி நேரத்துக்காக எஞ்சினுக்குள் நிரந்தரமாக எதையும் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எதைச் செய்தாலும் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கணும்.

ஆகவே ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, பிளக்கை பிரஷ் போட்டு, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி சரிபார்த்தேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐட்லிங் மிக்ஸ்சரைச் சரிசெய்கிற பைலட் ஸ்க்ரூவை இரு பக்கமும் மெல்லத் திருகி, ஐட்லிங் தடுமாறுகிற இரண்டு எல்லைக்கும் நடுவில் நிறுத்தினேன். டுப் டுப் சீராக வந்தது. கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

இனி ஓட்டுகிறவனின் கை. 2 டிகிரியில் 50 கி.மீ. வேகத்தில் போனால் தோலுக்கு அது மைனஸ் 5 மாதிரி. எல்லநள்ளி வருவதற்குள் விரல் மரத்துப்போகிறது. மரத்த விரலால் கிளட்சும் பிரேக்கும் பிடிப்பது ஆபத்து, இது சொகுசுக்காகச் செய்கிற வேலை இல்லை.

மார்க்கெட் டெய்லர் அண்ணனிடம் கைப்பிடி உறை தைக்கக் கொடுத்தேன். வெளியே ரெக்ஸின், உள்ளே பழைய கம்பளி. “ரெண்டு பக்கமும் ஒரே அளவா தம்பி?” என்று கேட்டார். இல்லை. பிரேக் பக்கம் கூடுதல் அகலம். காற்று உறையை லீவர் மேல் அழுத்தினால் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், பிரேக்கும் லேசாகப் பிடித்துக்கொள்ளலாம். அதற்காக உறையின் முன்பக்கம் மடிப்புக்குள் கெட்டிக் கம்பியை வளைத்துச் செருகச் சொன்னேன். உறை கூடாரம் போட்ட மாதிரி விறைப்பாக நிற்கிறது, லீவரைத் தொடவே இல்லை. அடியில் வெல்க்ரோ, நொடியில் கழற்றலாம்.

டிசம்பர் 21, ஞாயிறு

கைப்பிடியைச் சூடாக்குகிற கிரிப் ஹீட்டர் மாட்டினேன். இரண்டு கிரிப்புக்கும் சேர்த்து 36 வாட், அதாவது 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். லைட் ஸ்விட்ச் ஒயரிலிருந்து எடுத்தால் ஸ்விட்ச் கருகும். பேட்டரியிலிருந்து நேரே, 5 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து, ரிலே (சின்ன கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற ஸ்விட்ச்) வழியாகக் கொண்டுவந்தேன். ரிலேவை இயக்குவது டெயில் லேம்ப் ஒயர். சாவியை அணைத்தால் ஹீட்டரும் அணையும். மறந்துவிட்டுப் போனாலும் பேட்டரி காலியாகாது.

ஆக்ஸிலேட்டர் பக்கம் நிதானம் வேண்டும். கிரிப் சுழலும்போது ஒயர் இழுபடாமல் சின்ன வளையம் விட்டுக் கட்டினேன். எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினேன். சத்தம் ஏறவில்லை. ஏறியிருந்தால் ஒயரோ கேபிளோ இழுக்கிறது என்று அர்த்தம், அப்படியே ரோட்டுக்கு எடுக்கக்கூடாது. ஹீட்டர், ஹெட்லைட் இரண்டும் எரியும்போது ஐட்லிங்கில் பேட்டரி 12.4, கொஞ்சம் முறுக்கினால் 13.8. அதனால் சிக்னலில் நிற்கும்போது ஹீட்டரை அணைத்துவிடுவேன். உறையும் ஹீட்டரும் சேர்ந்தால் மெல்லிய கையுறையே போதும்.

ஜனவரி 4, ஞாயிறு

இந்த வாரம் தலைக்குந்தா, காந்தல் எல்லாம் புல்வெளி வெளுத்துக் கிடந்தது. என் வண்டி சீட்டிலும் உப்புத் தூவிய மாதிரி உறைபனி. சிலர் எஞ்சின்மேலும் ஹெட்லைட் கண்ணாடிமேலும் வெந்நீர் ஊற்றுவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கண்ணாடி விரிசல்விடும், தண்ணீர் கேபிள் வாயிலும் ஸ்விட்சிலும் இறங்கி மறுநாள் அங்கேயே உறையும். ராத்திரி பருத்தித் துணி போர்த்தி மேலே தார்ப்பாய் போட்டால் போதும். வெறும் பிளாஸ்டிக் ஷீட் மட்டும் போட்டால் உள்ளேயே வியர்த்துவிடும்.

இன்று மேட்டுப்பாளையம் போனேன். கிளம்பும்போது பின் டயர் காற்று 28 பிஎஸ்ஐ. அக்கா வீட்டில் சாப்பிட்டு, டயர் ஆறிய பிறகு அதே கேஜில் பார்த்தால் 29. கீழே வெயில் 30 டிகிரி. அந்தச் சூட்டுக்கு டயருக்குள் அழுத்தம் நாலு பிஎஸ்ஐ அளவுக்கு ஏறியிருக்கும். ஆனால் வெளிக்காற்றின் அழுத்தமும் கீழே ஏறக்குறைய மூன்று பிஎஸ்ஐ கூடுகிறது. கேஜ் காட்டுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதனால் பெரிதாக நகரவில்லை. இறங்கும்போது ஒரு அளவு, ஏறும்போது ஒரு அளவு என்று காற்றை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை விடிகாலையில், வண்டி எடுக்கும் முன் பார்த்தால் போதும்.

உறை இரண்டையும் குன்னூரிலேயே கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். திரும்பி ஏறும்போது வெலிங்டன் தாண்டி மாட்டினேன். பின் பிரேக் மட்டும் வளைவில் லேசாகக் கீச்சிடுகிறது. அடுத்த ஞாயிறு டிரம்மைத் திறந்து ஷூவைப் பார்க்கணும்.