அப்பா கை வைத்துக் கண்டுபிடித்த 44 ஹெர்ட்ஸ்

இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் இண்டி ரேஸ் டிராக்கில் இரண்டாவது வளைவு ட்ரூயிட்ஸ். மேடேறிப் போய் வலப்பக்கம் கொண்டை ஊசி போலத் திரும்பும். அசெட்டோ கோர்ஸா என்ற கம்ப்யூட்டர் ரேஸ் விளையாட்டில் மாஸ்டா எம்எக்ஸ்-5 கப் காரை வைத்துக்கொண்டு மூன்று மாதம் அந்த வளைவோடு மல்லுக்கட்டினேன். பிரேக்கை மிதித்தபடியே திருப்பும்போது எடை இடப்பக்கம் போய்விடும். வலது முன் சக்கரத்துக்குப் பிடி குறைந்து லாக் ஆகும், அதாவது சுற்றாமல் நின்று வழுக்கும். எனக்கு அது தெரிவது டயர் கீச்சிட்டு, ஸ்டீயரிங் லேசான பிறகுதான். அதற்குள் கார் வளைவை விட்டு வெளியே போயிருக்கும்.

நிஜக் காரில் பின்பக்கம் நழுவினால் உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். வீட்டு ரிக், அதாவது சீட்டும் ஸ்டீயரிங்கும் பெடலும் பூட்டிய ஃபிரேம், அசையாது. ஸ்டீயரிங்கில் இருக்கும் மோட்டார் முன் சக்கரத்தின் இழுப்பைக் கைக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். காலுக்கும் இடுப்புக்கும் ஒரு சேதியும் வராது. அதற்காகத்தான் பாஸ் ஷேக்கர் வாங்கினேன். ஸ்பீக்கரைப் போலவே காந்தமும் காயிலும் உண்டு, காகிதக் கூம்பு மட்டும் இருக்காது. எதன்மேல் முடுக்குகிறோமோ அதையே அதிர வைக்கும். என்னிடம் இருப்பவை டேட்டன் ஆடியோ டிடி25-8, நான்கு. ஒவ்வொன்றும் 8 ஓம், 15 வாட். இரண்டு பெடல் தகட்டுக்கு அடியில், இரண்டு சீட்டில். ஒரு 7.1 யூஎஸ்பி சவுண்ட் கார்டு, முன் ஜோடிக்கும் பின் ஜோடிக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர். விளையாட்டு அனுப்பும் சக்கரக் கணக்கை அதிர்வாக மாற்றுவது சிம்ஹப் என்ற மென்பொருள்.

முதல் நாள் ராத்திரி சிம்ஹப்பில் இருந்த எல்லா அதிர்வையும் போட்டுவிட்டேன்: எஞ்சின், கியர், ரோடு, கெர்ப் என்ற டிராக் ஓர மேடு, லாக், நழுவல். இருபது நிமிடத்தில் பாதம் மரத்துப்போனது. மறுநாள் காலையில் கீழ்வீட்டு அக்கா படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார்: "ஏனுங் தம்பி, ராத்திரி பதினோரு மணிக்கு மாவாட்டுனீங்களா?" அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. அன்று மாலையே ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் எஞ்சின் மவுண்டிங் ரப்பர்கள் வாங்கி வந்து ரிக்கின் கால்களுக்கு அடியில் வைத்தேன். பெடல் தகட்டுக்கும் அலுமினியம் ஃபிரேமுக்கும் நடுவிலும் வைத்தேன். இந்த இரண்டாவது இடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே ரப்பர் இல்லாவிட்டால் முன் சக்கரத்துக்கான அதிர்வு ஃபிரேம் வழியாகச் சீட்டுக்கு வந்துவிடும், முன்னே எது பின்னே எது என்று பிரித்தறிய முடியாது.

அப்படியும் லாக் தெரியவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிரேக் பிடிக்கையில் எஞ்சின் 3600 ஆர்பிஎம்முக்கு இறங்கினால் நொடிக்கு 60 சுற்று. சிம்ஹப் தரும் எஞ்சின் அதிர்வு அப்போது 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 துடிப்பில், ஓடும். நான் லாக்குக்கு வைத்திருந்ததும் அதே 60. தேவையான நேரத்தில்தான் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துபோயின.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தார். கோயம்புத்தூர் கணபதியில் லேத்து பட்டறையில் நாற்பது வருடம் நின்றவர். கடைசலில் சேட்டர் என்கிற உளி அதிர்வு வந்தால் காதுக்கு எட்டுவதற்குள் அவர் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். ரிக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் பெடல் தகட்டின்மேல் கையை வைத்தார். "ஓட்டு சாமி, பார்க்கலாம்" என்றார். போனில் வேண்டிய ஹெர்ட்ஸில் ஒலி தரும் டோன் ஜெனரேட்டரை ஷேக்கருக்குப் போட்டு 20 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றினேன். 44 வந்ததும் "நிறுத்து" என்றார். "இங்க தகடே பாடுது. நீ நிறுத்தினப்புறமும் பாடுது."

நானும் கையை வைத்தேன். உண்மைதான். மூன்று மில்லி தகடு, இரண்டு ஓரத்தில் மட்டும் பிடிப்பு. 44ஐ ஒட்டி எந்த அதிர்வு வந்தாலும் தகடு தன் பங்குக்கு இழுத்து நீட்டியது. எந்தச் சேதிக்கும் ஒரு தொடக்கமோ முடிவோ இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். இன்னொன்றும் சொன்னார்: "ரெண்டு காலுக்கும் ஒரே தகடு வச்சா இடது எது, வலது எதுன்னு எப்படித் தெரியும்? ரெண்டா வெட்டு. ஒவ்வொண்ணுக்கும் அடியில ஆங்கிள் போட்டு முடுக்கு." மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வெட்டி, எட்டு ஓட்டை போட்டு முடித்தோம். மறுபடி ஏற்றிப் பார்த்தபோது 80 வரை தகடு பாடவில்லை.

பிறகு சிம்ஹப்பில் எஞ்சின் அதிர்வை முழுக்க எடுத்துவிட்டேன். ரோடும் போயிற்று. எஞ்சின் உறுமல் இல்லாமல் நிஜம்போல இருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. எஞ்சினை நான் காதில் கேட்கிறேன், எனக்கு அது போதும். காலுக்கு வரவேண்டியது வேறு வழியில் தெரியாத சங்கதி மட்டும். இப்போது முன்னே லாக், 50 ஹெர்ட்ஸ். பின்னே நழுவல், 30. கியர் மாறும்போது சின்னதாக ஒரு தட்டு. லாக்கின் தொடக்க அளவைக் குறைத்து வைத்திருக்கிறேன். சக்கரம் முழுதாக நிற்பதற்கு முன்பே மெலிதாகத் தொடங்கி, நெருங்க நெருங்க ஏறும்.

அன்று சாயங்காலம் ட்ரூயிட்ஸில் பிரேக் பிடித்தேன். மிதிப்பது இடது கால், துடித்தது வலது குதிகால். பெடலை ஒரு நூலளவு தளர்த்தினேன். துடிப்பு அடங்கியது, கார் உள்ளே திரும்பியது. பின்னால் நின்றிருந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் குனிந்து வலது தகட்டில் கையை வைத்து, "இன்னொரு தடவை போ" என்றார்.

சீட்டு வேலை பாக்கி இருக்கிறது. ஃபைபர் சீட்டில் இரண்டு ஷேக்கரும் இன்னும் ஒரே குரலில்தான் பேசுகின்றன. வரும் ஞாயிறு ரப்பர் ஷீட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.